மூன்றாவது ஆட்சேபனை

வைலே, டென்மார்க்
17.01.1988

யோகமலர்,

கார்த்திகையில் நீர் எழுதிய கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். நீரும் சாரங்காவும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை எனக்கு முதல் அந்த ஆள் அறிந்துவிட்டான். அதை நினைக்க எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன்.

இங்கே ஒரு மாற்றம். மருந்துத் தொழிற்சாலையில் இவ்வளவு நாளும் பெட்டி அடைத்தேன் அல்லவா? இப்போது மேல்மாடியில் ஒரு மேசை தந்திருக்கிறார்கள். ஊரில் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்தவன், ஆங்கிலம் வாசிப்பான் என்று கிர்ஸ்டன் கேட்டு எடுத்தார். கிர்ஸ்டன்தான் அனுமதி விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான பெண். ஐம்பது வயதிருக்கும், குறைவாகத்தான் கதைப்பார்.

வேலை இதுதான். வலிப்புக்கு ஒரு குளிசை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பெரிய கம்பனியின் தனியுரிமைக் காலம் முடிந்துவிட்டது. இனி அதே மருந்தை நாங்களும் செய்து மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கொடுக்கலாம். அதற்குக் கோப்பன்ஹேகனில் உள்ள அரசாங்க மருந்து அனுமதிக் கந்தோர் ஓம் என்று சொல்லவேண்டும். அவர்கள் சொல்ல வரும் நேரமெல்லாம் பெரிய கம்பனி ஓர் ஆட்சேபனை எழுதிப் போடுகிறது. போட்டவுடன், முடிவு சொல்லக் கந்தோருக்கு உள்ள நாட்களை எண்ணுவது நின்றுவிடும். நாங்கள் பதில் கொடுத்த பிறகுதான் திரும்ப எண்ணத் தொடங்குவார்கள். முதலாவது ஆட்சேபனை என்ன தெரியுமா? எங்கள் குளிசையும் அவர்களுடையதைப் போல வெள்ளை நிறமாம்.

நீங்கள் இருவரும் இங்கே வருவதற்குப் போட்ட உமது விண்ணப்பமும் அப்படியேதான். போன சித்திரையில் கொடுத்தது. எனக்கு இருக்க அனுமதி தந்த அதே சட்டத்தில் மனைவி பிள்ளையைக் கூப்பிட உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. தொலைபேசியில் கேட்டால் “பார்வையில் இருக்கிறது” என்கிறார்கள். யாருடைய பார்வையில் என்று கேட்டேன். அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

வேறொன்றுமில்லை. இருப்புக்கொள்ளாமல் இருக்கிறேன்.

குணசேகரம்


பருத்தித்துறை
20.02.1988

சாரங்காவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் குளிசைக்கு ஒன்றரைப் பக்கம், எனக்கும் பிள்ளைக்கும் ஆறு வரி. எண்ணிப் பார்த்தேன். கோபத்தில் எண்ணவில்லை, ஊரடங்கு போட்டிருந்தார்கள், வேறு வேலை இல்லை.

நான் ஆஸ்பத்திரி மருந்தறை வேலைக்குப் போய்வருகிறேன். வழி திறந்திருக்கும் நாட்களில் மட்டும்தான். மருந்து வந்தால் நோயாளர் வர முடியவில்லை, நோயாளர் வந்தால் மருந்து இல்லை. கொழும்பிலிருந்து வரும் பெட்டிகள் வவுனியாச் சோதனையில் கிழமைக்கணக்காகக் கிடந்து வருகின்றன.

சாரங்காவுக்கு நாலு வயது முடிகிறது. நீங்கள் போகும்போது தவழ்ந்தவள். உங்கள் படத்தைக் காட்டி ஆர் இது என்றால் “டென்மார்க்” என்கிறாள். நான் சிரிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். பக்கத்து வீட்டுத் தவமலர் கனடாவுக்குப் போய்விட்டாள். அவள் புருசன் உங்களுக்குப் பிறகு போனவர். உங்கள் விண்ணப்பத்தில் ஏதும் பிழை விட்டீர்களா? அல்லது நாங்கள் வருவதில் உங்களுக்கே ஏதும் யோசனையா? இதை எழுதி வெட்டினேன். பிறகு திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

யோகமலர்


வைலே
03.04.1988

யோகமலர்,

யோசனை ஒன்றும் இல்லை. அந்த வரியை நீர் வெட்டியபடியே விட்டிருக்கலாம். ஆனால் கேட்க உமக்கு உரிமை இருக்கிறது.

போன கிழமை கிர்ஸ்டனும் நானும் கோப்பன்ஹேகன் போனோம். இங்கே ரயில் பெட்டிகளோடு கப்பலில் ஏறிக் கடலைத் தாண்டும். கப்பலில் வைத்துக் கிர்ஸ்டன் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். கந்தோர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நாள் கடத்திச் சுணக்குவதில்லையாம், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கவிட்டால் சுணங்குமாம். ஆகவே அவர்கள் கேட்க முதலே பதிலை வைக்கவேண்டும். எல்லாக் கேள்வியையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள் என்று எழுத்தில் கேட்கவேண்டும். யார் பொறுப்பு, எந்தத் திகதி என்று ஒவ்வொரு தரமும் குறிக்கவேண்டும்.

அப்படியே செய்தோம். அனுமதிக் கந்தோரில் ஒரு மெலிந்த மனுசன் இரண்டு மணித்தியாலம் இருந்து எங்களோடு பக்கம் பக்கமாகப் பார்த்தார். இரண்டாவது ஆட்சேபனை வெறும் பெட்டியில் உள்ள எழுத்தைப் பற்றியது, அங்கேயே தீர்ந்தது. இனி ஆட்சேபனை வந்தாலும் பதிலுக்கு ஒரு கடைசித் திகதி போட்டு, அது தாண்டினால் உள்ளதை வைத்து முடிவு எடுப்பதாக எழுதித் தந்தார். கிர்ஸ்டன் வெளியே வந்து ஒரு சிகரெட் பற்றினார். அவர் சந்தோசப்பட்டதை அன்றுதான் கண்டேன்.

அந்தத் துணிவில் நான் மற்றக் கந்தோருக்கும் போனேன், உமது விண்ணப்பம் இருக்கும் கந்தோர். யார் பொறுப்பு, எந்தத் திகதி என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் பெடியன் உள்ளே போய் வந்து, “உங்கள் நாட்டுக் கோப்புகள் இப்போது எடுக்கப்படுவதில்லை” என்றான். ஏன் என்று கேட்டேன். அவன் குனிந்து தாள்களை அடுக்கத் தொடங்கினான். முகம் சிவந்துவிட்டது. அவனுக்கே வெட்கமாக இருந்தது போல.

ஆகவே பிழை என்னிலும் இல்லை, உம்மிலும் இல்லை. அதை அறிந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

குணசேகரம்


பருத்தித்துறை
11.06.1988

சாரங்காவின் அப்பாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. இங்கே எனக்கு ஒரு பிரச்சினை.

முனைப் பக்கத்து மேரிசெலினின் மகள் கிளோறியா, ஒன்பது வயது. இரண்டு வருடமாக வலிப்பு இல்லாமல் இருந்தவள். நான்தான் மாதம் மாதம் குளிசை கொடுக்கிறேன். வைகாசியில் அடுப்படியில் நின்றவளுக்கு வலிப்பு வந்து நெருப்புக்கு மேல் விழுந்துவிட்டாள். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. மேரிசெலின் மருந்தறை வாசலில் நின்று, “நீ என்னத்தைக் குடுத்தனி என்ர பிள்ளைக்கு?” என்று கேட்டாள். நான் சரியான குளிசை, சரியான அளவு என்றுதான் சொன்னேன். டொக்டர் நான் அளவு மாறிக் கொடுத்தேன் என்று எழுதி, விசாரிக்கும்வரை என்னைக் கணக்குப் புத்தக வேலைக்கு இருத்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிளோறியாவுக்குக் குளிசை எடுத்த போத்தலில் மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்துத் தண்ணீர்க் கிளாசில் போட்டேன். முந்தி வந்த நல்ல குளிசை கால் மணித்தியாலத்தில் மாவாகிவிடும். இது மத்தியானம் போட்டது, நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போதும் கல்லுப் போலக் கிடந்தது. மாரி முழுக்கப் பெட்டி ஈரத்தில் கிடந்திருக்கிறது. போத்தலைத் திறந்து திறந்து மூடியதில் குளிசை ஈரம் குடித்து இறுகிவிட்டது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பிள்ளை நேரம் தவறாமல் விழுங்கியிருக்கிறாள், அது கரையாமலே போயிருக்கிறது.

டொக்டருக்குக் கிளாசைக் காட்டினேன். “உமக்கு வேறை வேலை இல்லையோ” என்றார்.

என் விண்ணப்பத்தைப் பற்றி இனி நான் கேட்கப்போவதில்லை.

யோகமலர்


வைலே
14.08.1988

யோகமலர்,

உமது கடிதத்தை ஒவ்வொரு இரவும் எடுத்து வாசிக்கிறேன். ஏனென்று சொல்கிறேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

நீர் கொடுத்த அதே மருந்துக்குத்தான் இங்கே மூன்றாவது ஆட்சேபனை வந்திருக்கிறது. “ஈரத்தில் இந்தக் குளிசை இறுகாது என்பதற்கு ஆதாரம் என்ன?” நவம்பர் முதலாம் திகதிக்கு முன் பதில் கொடுக்கவேண்டும். தொழிற்சாலையில் எல்லாரும் சிரித்தார்கள். முதலில் நிறம், பிறகு எழுத்து, இப்போது ஈரம். முதலாளி ஹோல்கர், “அடுத்தது குளிசையின் சுவை” என்றார். நானும் சிரித்தேன்.

பிறகு அலுமாரியில் தேடும்போது ஒரு மஞ்சள் தாள் கிடைத்தது. சூடும் ஈரமும் உள்ள சிறிய அறையில் மூன்று மாதம் வைத்துப் பார்த்த போத்தல்களின் முடிவு. புதிதாக இருக்கும்போது இருபது நிமிசத்தில் கரைந்த குளிசை, மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வைத்தும் பாதிகூடக் கரையவில்லை. அந்தத் தாளை விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை. ஹோல்கரிடம் மெல்லக் கேட்டேன். “அது யாரும் கேட்காத கேள்வி, இது டென்மார்க், வீடுகள் காய்ந்தவை” என்றார்.

பதிலைத் தட்டெழுத்தில் அடிப்பது என் வேலை. “சாதாரண வீட்டுப் பாவனையில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை” என்று அடித்து வைத்திருக்கிறேன். அதில் பொய் இல்லை, சாதாரண வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

நான் யோசிப்பது இது. தாளைக் கொடுத்தால் இன்னும் ஆறு ஏழு மாதம் போகும். மாவட்ட ஆஸ்பத்திரிகள் எங்களிடம் குளிசை வாங்கும் ஒப்பந்தம் தவறும். இருபத்திரண்டு பேரின் வேலை அதில் நிற்கிறது, நாலு பேர் எங்கடை ஆட்கள். எனக்கு நிரந்தர வேலை என்ற கடிதத்தையும் உமது விண்ணப்பத்தோடு வைத்திருக்கிறேன், அது போனால் அவர்களுக்கு ஒரு சாட்டுக் கிடைக்கும். ஒன்றரை வருடமாகச் சுணக்கத்தை எதிர்த்தே கடிதம் எழுதுகிறேன். என் கையாலேயே ஒரு சுணக்கத்தைப் போடு என்கிறீரா? ஊரில் மாரி, பிய்ந்த பெட்டி, யுத்தம். இங்கே அப்படி இல்லை. அதை நீர் ஒருதரம் எழுதினால் எனக்கு நித்திரை வரும்.

குணசேகரம்


பருத்தித்துறை
19.09.1988

குணசேகரம் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதை எழுத மாட்டேன்.

கிளோறியாவின் கையில் கட்டு அவிழ்த்தாயிற்று. விரல் மூன்று மடங்கவில்லை. இடக் கையால் எழுதப் பழகுகிறாள். நான் போனால் தாய் கதவைச் சாத்துகிறாள். டென்மார்க்கில் அடுப்பு இல்லையா? படிக்கட்டு இல்லையா? கார் ஓட்டுகிறவர்களுக்கு வலிப்பு வராதா?

எனக்காகத்தான் செய்கிறேன் என்று மட்டும் எழுதவேண்டாம். அந்தப் பாரத்தை நான் சுமக்க மாட்டேன்.

என் கோப்பை வைத்திருக்கிறவர்கள் ஏன் என்று சொல்லவில்லை. கேட்டாலும் சொல்லவில்லை. அது அநியாயம். உங்கள் குளிசையை நிறுத்தினவர்கள் காரணத்தை எழுதிக் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு தரமும் சும்மா கேட்டார்கள் என்பதற்காக இந்தத் தரம் கேட்டதும் சும்மா ஆகிவிடாது. இரண்டும் சுணக்கம்தான். ஆனால் இரண்டும் ஒன்று என்று உங்களுக்கு ஆர் சொன்னது?

இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். முதலாம் திகதிக்கு முன் கிடைக்கவேண்டும் என்று. கிடைக்காவிட்டாலும் நீங்கள் அந்தத் தாளைக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்பப் பார்க்கிறேன்.

யோ.


வைலே
13.11.1988

யோகமலர்,

உமது கடிதம் ஒக்டோபர் இருபத்தியேழாம் திகதி கிடைத்தது. அதற்கு முதலே செய்திருந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் செய்யவில்லை. இருபத்தெட்டாம் திகதிதான் மஞ்சள் தாளைக் கொண்டுபோய்க் கிர்ஸ்டனின் மேசையில் வைத்தேன்.

அவர் வாசித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு, “நீ உன் வீட்டில் மருந்தை எங்கே வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார்.

“குளிக்கிற அறை அலுமாரியில்.”

“நானும் அங்கேதான். இந்த நாட்டில் எல்லாரும் அங்கேதான். தினமும் சுடுதண்ணீர் ஆவி.” எழும்பித் தாளை எடுத்துக்கொண்டு ஹோல்கரின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தும் சத்தம் கேட்டது. கிர்ஸ்டனின் குரல் உயர்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பதில் கடைசி நாளில் போனது, உண்மையான எண்களோடு. கூடவே ஒரு வழியும் எழுதினோம். போத்தலை விட்டுவிட்டு ஒவ்வொரு குளிசையையும் தனித்தனியாக ஈயத்தாளில் அடைப்பது, ஈரம் உள்ளே போகாது. அதற்கு மூன்று மாதம் ஈர அறையில் வைத்துக் காட்டவேண்டும். ஒவ்வொரு மாத முடிவையும் அந்தந்த மாதமே அனுப்புவோம், அவர்கள் உடனுக்குடன் பார்த்துவைத்தால் கடைசியில் ஒன்றாகப் பார்க்கும் சுணக்கம் இல்லாமல் போகும் என்று கிர்ஸ்டன் கேட்டார். அந்த மெலிந்த மனுசன் ஒத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போய்விட்டது. ஹோல்கர் என்னைத் திரும்பப் பெட்டி அடைக்க அனுப்பினார். ஆறு பேருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அதில் எங்கடை ஆள், மன்னாரைச் சேர்ந்த நிக்கலஸ் ஒருவர். கன்ரீனில் என் மேசையில் இருந்து எழும்பி, “உன்ர நேர்மைக்கு என்ர வீட்டிலயெல்லோ சோறு குறையுது” என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் போய் இருந்தார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

இன்னொன்று. கிர்ஸ்டன் ஒரு சனிக்கிழமை என் அறைக்கே வந்தார். உமது விண்ணப்பத்தின் பிரதியை வாசித்தார். அரசாங்கக் கந்தோர்களைப் பற்றி முறைப்பாடு கேட்கிற அதிகாரி ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுதுவோம் என்றார். நான் நாலு பக்கம் எழுதினேன். அவர் எல்லாவற்றையும் வெட்டி ஒரு கேள்வியை மட்டும் விட்டார்: “பத்தொன்பது மாதமாக முடிவு எடுக்காததற்குக் காரணம் என்ன?” இப்படி எழுதினது நான் மட்டுமல்ல, வேறு பலரும் வழக்கறிஞர்களைப் பிடித்து எழுதியிருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன்.

உமது கடிதத்தில் என் பெயருக்குப் பின்னால் “அவர்களுக்கு” என்று போட்டிருந்தீர். அதை இனி எழுதவேண்டாம்.

குணசேகரம்


பருத்தித்துறை
26.02.1989

சாரங்காவின் அப்பாவுக்கு,

கொழும்பில் உள்ள டென்மார்க் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பாஸ்போட், பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு எல்லாவற்றோடும் பங்குனி எட்டாம் திகதி வரச் சொல்லி. கீழே கையெழுத்து, முத்திரை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு காலமும் ஏன் வைத்திருந்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. வருவதற்குச் சந்தோசப்படவேண்டும், தெரியும். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது.

டொக்டர் அதே போத்தலில் இருந்து தானே ஒரு குளிசையை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் மருந்தறைப் பூட்டின் திறப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் மேரிசெலினிடம் போய் நடந்ததை முழுக்கச் சொன்னேன். குளிசை கொடுக்க முதல் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கவேண்டும், பார்க்காதது என் பிழை என்றும் சொன்னேன். அவள் கதவைச் சாத்தவில்லை. “உள்ளுக்கு வாங்கோ” என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

நீங்கள் இருபத்தெட்டாம் திகதிதான் கொடுத்தேன் என்று ஒளிக்காமல் எழுதியது நல்லது. முதலே கொடுத்தேன் என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அதுதான் பயமாக இருந்தது.

நான் போனால் மருந்தறையில் ஆர் என்று யோசிக்கிறேன். இரண்டு வருடம் வரவேண்டும் என்று துடித்தவள், இப்போது இப்படி யோசிக்கிறேன்.

யோகமலர்


வைலே
21.04.1989

யோகமலர்,

உமக்கும் சாரங்காவுக்கும் அனுமதி கிடைத்த கடிதத்தின் பிரதி எனக்கும் வந்துவிட்டது. கொம்யூனில், அதுதான் இங்கத்தை நகரசபை, இரண்டு அறை வீடு தந்திருக்கிறார்கள், கடற்கரைக்கு நடக்கலாம். இங்கே பேப்பர்களில் எங்கள் கோப்புகளைப் பற்றித்தான் எழுத்து. யார் நிறுத்தச் சொன்னது, ஏன் என்று விசாரிக்கவேண்டும் என்கிறார்கள். நிக்கலஸ் பேப்பரைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய மனுசியின் கோப்பும் அதற்குள்ளேதான் கிடந்தது. வாசித்து முடித்து என் மேசையிலேயே இருந்து சாப்பிட்டார்.

குளிசைக்கும் போன செவ்வாய் அனுமதி வந்தது. மூன்றாவது மாத முடிவு அனுப்பிப் பதினொரு நாளில். நாலாவது ஆட்சேபனை ஒன்றும் வந்ததாம், அதற்குரிய பதில் ஏற்கெனவே கோப்பில் இருந்தபடியால் கந்தோரே பதில் எழுதிவிட்டது. ஹோல்கர் கீழே வந்து எல்லாருக்கும் கேக் கொடுத்தார். என் முன்னால் நின்று இன்னொரு துண்டு கேக்கை வைத்துவிட்டுப் போனார். மேல்மாடிக்கு இன்னும் கூப்பிடவில்லை. ஈயத்தாள் மெசினில் நிற்கிறேன்.

எனக்குப் பொறுமையில்லை. நீர் தந்தியில் அறிவித்த பயணத் திகதிக்கு முந்தின விமானம் ஏதும் உண்டா என்று கேட்டுப் பாரும். சாரங்காவின் சப்பாத்து அளவு எழுதும். அவளுக்கு என்ன பிடிக்கும்? வந்த அடுத்த நாளே கடலுக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். அவளோடு கதைக்க எவ்வளவோ இருக்கிறது.

குணசேகரம்


கொழும்பு
09.05.1989

அன்புள்ள குணம்,

முந்தின விமானம் இல்லை. பதினெட்டாம் திகதிதான். இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வரும் என்று நினைக்கிறேன்.

சப்பாத்து வாங்கவேண்டாம், கால் வளர்கிறது, அங்கே வந்து போட்டுப் பார்த்து வாங்கலாம்.

ஒரு விசயம் சொல்லவேண்டும். நாலு வருடமாக அவளிடம் இருந்தது ஒரு படம் மட்டும்தான். விமான நிலையத்தில் நீங்கள் கை நீட்டினால் என் சேலைக்குப் பின்னால் போய் நிற்பாள். மாமா என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். திருத்தவேண்டாம். தூக்கவேண்டாம். நீங்கள் ஒரு பக்கமாக நில்லுங்கள், அவளாகப் பார்க்கட்டும். ஒரு கிழமை ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சுணக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

உங்கள்
மலர்